வெட்டப்பட்ட கடைசிப் பந்தி

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் சமையலறை மேசையில் கிடக்கிறது. வழுவழுப்பான தாளில் அச்சு மை மணம் இன்னும் போகவில்லை. திறக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் சைப்ரஸ் கட்டுரையைப் போட்டிருக்கிறார்கள். நீ வைத்த தலைப்பு 'நிக்கோசியாவின் பேராலயம்'. இவர்கள் வைத்தது 'பறிபோன கோயில்'.

நீ வேதக்காரன், கிறிஸ்தவன்; நான் முஸ்லிம். யாழ்ப்பாணத்தில் இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர்கள். மலிவு டிக்கெட்டில் நாம் அங்கே போனபோது, இரண்டாகப் பிரிந்து கிடந்த தீவின் எல்லை திறந்த புதிது. பிரெஞ்சு அரசர்கள் கட்டிய பேராலயம் அது. ஒட்டோமானியர் பிடித்தபின் சிலைகளை அகற்றி, வெள்ளையடித்து, இரண்டு மினாரா எழுப்பிப் பள்ளிவாசலாக்கினார்கள். கட்டிடம் கிழக்கே பார்க்க, தொழுகை வரிசைகள் மக்காவை நோக்கித் தூண்களுக்குக் கோணலாக ஓடின. நான் தொழுதுவிட்டு வந்தபோது நீ ஒரு தூணடியில் இருந்து அழுதுகொண்டிருந்தாய். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நானூறு வருசத்துக்கு மேல தொழுத இடம் மச்சான். இனி என்ன செய்யிறது?"

"உன்ர பள்ளிவாசலைப் பற்றி ஆராவது இப்பிடிச் சொன்னா விடுவியா?"

விமானம் ஏறும்வரை நாம் பேசவில்லை.

நாம் இருவரும் குடியேறிய மோர்டனுக்குத் திரும்பி நீ எழுதினாய். பிடித்தவர்கள் செய்ததை எழுதினாய். கட்டியவர்கள் அந்தத் தீவின் கிரேக்க ஆயர்களை நகரத்தை விட்டு ஒதுக்கியதையும் எழுதினாய். கடைசிப் பந்தியில் நம் ஊருக்கு வந்தாய். தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன நாள். "என் நண்பனின் குடும்பம் எங்கள் வீட்டைக் கடந்து போனது. நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை."

அத்தனை வருடம் என் முகத்துக்கு நேரே நீ சொல்லாதது. எனக்கென்று நீ தந்த போட்டோகொப்பியை மடித்துக்கொண்டு, "முதல்ல அச்சில வரட்டும், பிறகு கதைப்பம்" என்றேன். என் வீம்பு. அதற்குள் நீ போய்விட்டாய்.

அந்தப் பந்தியைத்தான் வெட்டியிருக்கிறார்கள். கிரேக்கர்களையும் காணோம். முப்பத்தோராம் நாள் கூட்டம் நடந்த கோலியர்ஸ் வுட் மண்டபத்தில், மலரைத் தொகுத்த உன் தம்பியைப் பிடித்துக் கேட்டேன்.

"இடம் காணாது அண்ணை" என்றான். நீ கேக் வெட்டும் படத்துக்கு முழுப் பக்கம் இருந்தது.

"அதோட, செத்த மனுசன்ர பேரில எதுக்கு அந்தக் கதை?"

பிறகு என்னை மேடைக்கு அழைத்தார்கள். நண்பன் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். உன் பந்தி சட்டைப் பையில் இருந்தது. வாசிக்கத்தான் ஏறினேன். முன்வரிசையில் உன் மனைவி. அவருக்குப் பின்னால் மண்டபம் முழுக்கத் தெரிந்த முகங்கள். "நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவுவார்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

உன் தம்பிமேல் உள்ள கோபம் ஆறிவிடும். உன்மேல் இருந்த கோபம் அந்தப் பந்தியை வாசித்த அன்றே ஆறிவிட்டது. அதையும் உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ பிந்தியாவது எழுதினாய். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.