பசை போட்ட வீடு

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் சின்னவளும் சுகமா? அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சுதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடறேன், அந்தக் கேள்வியை விட்டுடு.

ஞாயித்துக்கிழமை, ஒண்ணுமேல ஒண்ணு சொருகற பிளாஸ்டிக் பொம்மைக்கல்லுல மாடல் கட்டறவங்க கூடற ஒரு மண்டபத்துக்குப் போனேன். நம்ம ஊர்ல வேற கொத்தனார் கட்டற நம்ம வீட்டை, நீ அனுப்பின பிளானைப் பாத்து மூணு மாசமா ரூம்ல அந்தக் கல்லுலயே சின்னதாக் கட்டி, பத்திரமாத் தூக்கிட்டுப் போனேன். வாசல்லயே ஒருத்தர் சுவரைத் தட்டிப் பாத்துட்டு, "பசை போட்டிருக்கீங்களா? அப்ப இங்க காட்சி மேசையில வைக்க முடியாது. பிரிச்சுப் பிரிச்சுக் கட்டறதுதான் இதுல விஷயமே"ன்னுட்டார். எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. இருபது வருஷமா கொத்துக்கரண்டி பிடிக்கறவன் ஒட்டாம சுவர் எழுப்புவானா? மூலையில உக்காந்து அடுத்தவன் கட்டின கப்பலை வேடிக்கை பாத்துட்டு வந்தேன். பஸ்ல வரும்போது சிரிப்புத்தான், நீ கவலைப்படாதே.

ஆனா சமையல்கட்டு ஜன்னலை இடம் மாத்தியாச்சுன்னு நேத்து போன்ல சாதாரணமாச் சொல்றியே, என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன? ஊரான் வீட்டையெல்லாம் கட்டறேன், என் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. தரையிலேர்ந்து எத்தனை அடின்னு அளந்து உடனே எழுது. பசை போட்டுட்டேனே, என்னோட மாடல்ல அந்தச் சுவரை அறுத்துத்தான் எடுக்கணும்.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

உன் வீட்டுக்காரன்