தளவானூர் முனியம்மாவின் வயது

மங்கை கண்ணு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ போய் ஒரு வருடமும் கொஞ்சமும் ஆகிறது. இத்தனை நாள் உன்னிடம் மனதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு. இப்போது எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீ ஒரு காரியத்தை எனக்குத் தெரியாமல் செய்தாய். அதைப் பற்றி நானும் மறைவாகப் பேச விரும்பவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் விழுப்புரத்தில் காலேஜ் போகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பிவிட்டார். நம் மொட்டை மாடியிலிருந்து ராஜகிரி பாதிதான் தெரிகிறது. செஞ்சிக் கோட்டைக்கு இப்போதெல்லாம் வெளியூர்க் கூட்டம் அதிகம். லீவு நாளில் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைய முடியவில்லை. அதனால் கிராமத்துப் பஸ்கள் பலவற்றின் நேரத்தையே மாற்றிவிட்டார்கள். இந்தக் கடைசிச் செய்திக்குத் திரும்ப வருவேன்.

உனக்குத் தெரிந்த கதையைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நைனா, அதாவது உன் அப்பா, என் மாமனார், நம் ஊர் தர்ம ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொண்ட காலம் அது. யார் முதலில் வருகிறாரோ அவருக்கு முதல் படுக்கை. டவுனுக்குள் இருக்கிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். சீயமங்கலத்திலிருந்தும் தளவானூரிலிருந்தும் வருகிறவர்கள் கடைசியில் படுத்து, நான்கு மணி நேரம் கழித்து எழுந்து, போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு தலை சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நைனா ஒருநாள் படுக்கையில் இருந்தபடியே சொன்னார்: "நாலு பங்காளி இருக்கற கெணத்துக்கே தண்ணிக்கு முறை வெச்சிக்கிறோம். மனுசனுக்கு வெக்கறதுக்கு இன்னா கேடு?"

அன்று ஆரம்பித்தோம். நோயாளியின் ஊரைச் சொன்னால் போதும். அந்த ஊருக்குக் கடைசிப் பஸ் எப்போது என்று பார்த்து, அதற்கு முன்னால் முடிகிற மாதிரி படுக்கை ஒதுக்குகிற ஒரு மென்பொருள். தன் நேரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த தடவை முதல் உரிமை. அது அப்படியே நம் கூட்டுக் கிணற்று வழக்கம். பெயரும் 'முறை' என்றே வைத்தோம்.

அதைத் திறந்த மென்பொருளாக வெளியிட வேண்டும் என்றவள் நீ. யாரும் எடுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம். மாற்றியதையும் அதேபோலத் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமம். நான் தயங்கினேன். நம் உழைப்பை எவனோ எடுத்துக்கொண்டு போவானே என்றேன். ஆட்கள் முன்னால் எனக்கு 'நீங்க' போடுகிற நீ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் 'நீ'தான். "அண்ணி, நீ கம்பெனிக்காரி மாதிரியே பேசற. மோட்டார் ரூமுக்குப் பூட்டு போட்டுட்டா, ரிப்பேர் ஆவறப்ப எவன் வருவான்?" என்றாய். நான் தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன்.

உண்மையில் நான் கம்பெனிக்காரிதானே. வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மூடின மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. எழுதுகிறவனும் சாப்பிட வேண்டும். நான் அங்கே எழுதிய வரியை, வேலையை விட்ட மறுநாள் என்னாலேயே பார்க்க முடியாது. அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். 'முறை'க்கு நான் அப்படி எதிலும் கையெழுத்துப் போடவில்லை, மங்கை.

கையெழுத்து என்ன, பெயரே போடவில்லை. அங்கேதான் நாம் தப்பு செய்தோம். ஒரே லேப்டாப், உன்னுடையது. நான் சொல்லச் சொல்ல நீ தட்டுவாய், நீ சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். யார் எழுதிய வரியாக இருந்தாலும் இணையத்தில் உன் பெயரில்தான் ஏறியது. எனக்கு ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று இருந்துவிட்டேன். நம் வீட்டுக் கரண்ட் பில் இன்றைக்கும் நைனா பேரில்தானே வருகிறது? கிணற்றுச் சர்வீஸ் அவருடைய அப்பா பேரில். யாருக்கு உறுத்தியது?

முனியம்மாவை நினைவிருக்கிறதா? மூன்று இலக்க வயதைப் போட்டால் மென்பொருள் திணறுகிறதா என்று சோதிக்க நாம் உண்டாக்கிய கற்பனை நோயாளி. தளவானூர் முனியம்மா, வயது நூறு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுக்கு ஒரு வயது ஏற்றுவோம். உன் அண்ணன்கூடக் கேலி செய்வார்: "இன்னாடி, கெழவிக்கு இன்னிக்குப் பொறந்த நாளா? கேக்கு வெட்டலியா?" நூற்றிரண்டு ஆக்கியதுதான் கடைசி. அடுத்த பொங்கலுக்கு நீ பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தாய். மாட்டுப்பொங்கல் கழித்து ஒரு மாதத்தில் போய்விட்டாய்.

உன் காரியமெல்லாம் முடிந்து இணையத்தில் தேடினேன். 'முறை' இருந்த பக்கத்தையே காணோம். உன் கணக்கும் உன்னோடு போய்விட்டது போல என்று நினைத்து அதற்கும் சேர்த்து அழுதேன். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போன ஐப்பசியில் கலா அக்கா போன் செய்தார். டயாலிசிஸ் பிரிவில் இருபது வருடமாக மெஷின் பார்க்கிற அதே கலா அக்காதான். "புது சாப்ட்வேர் வாங்கப் போறாங்களாம். கம்பெனிக்காரர் வந்து காட்டறாரு. நீயும் வந்து பாரும்மா, எனக்கு ஒண்ணும் வெளங்காது" என்றார். நிர்வாகத்தைக் குறை சொல்லமாட்டேன். ஏதாவது ஆனால் பொறுப்பேற்க ஒரு கம்பெனி வேண்டும் என்றார்கள். நியாயம்தான்.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், தன்மையாகப் பேசினார். சுவரில் படம் விழுந்தது. வண்ணமெல்லாம் புதிது, பெயர் புதிது. நோயாளிப் பட்டியலைத் திறந்தார். முதல் வரி: முனியம்மா, தளவானூர், வயது நூற்றிரண்டு.

கலா அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "ஏம்மா, இது நம்ம முனியம்மா இல்ல?"

"அதெல்லாம் டம்மி டேட்டாங்க மேடம். எல்லாம் கற்பனை" என்றார் அவர்.

"தெரியும் சார்" என்றேன். "கற்பனை பண்ணதே நாங்கதான்."

அவர் திருடர் இல்லை. முறைப்படி வாங்கியது என்று சொல்லி, அன்று சாயங்காலமே ஒப்பந்தத்தின் நகலை அனுப்பிவைத்தார். உன் கையெழுத்து. நீ போவதற்கு எட்டு மாதம் முன்னால். பொதுவில் இருக்கும் பக்கத்தை எடுத்துவிடுவதாக ஒரு வரி. அப்புறம் ஆங்கிலத்தில் நீயே எழுதிய இரண்டு வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இதை உருவாக்கியவள் நான் ஒருத்தியே. எனக்குப் பிறகு இதைப் பராமரிக்க வேறு யாரும் இல்லை.

அந்த எட்டு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, மங்கை? ஒவ்வொரு ஞாயிறும் உனக்குத் தலை துடைத்துவிட்டேன். முடி கொட்டினபோது "அண்ணி, இப்பதான் சீப்பு செலவு மிச்சம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு தடவைகூட உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

பணத்துக்காகச் செய்யவில்லை என்று ஒப்பந்தத்தில் இருக்கிற சின்னத் தொகையைப் பார்த்தாலே தெரிகிறது. பணத்துக்கு என்றால் எனக்குக் கோபம் வந்திருக்காது. வைத்தியத்துக்கு வேண்டியிருந்தது என்று விட்டிருப்பேன்.

உன் அண்ணனிடம் காட்டினேன். படித்தார். அப்புறம், "செத்துப்போனவ கிட்ட இன்னா கேஸு நடத்தப் போற? விடு" என்றார். விடத்தான் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கே ஒன்று நினைவுக்கு வந்து தொந்தரவு செய்தது. அதையும் இங்கே எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

உனக்கு வியாதி என்று தெரிந்த புதிதில் நீ கேட்டாய்: "அண்ணி, நாளைக்கு முறையை யாரு பாத்துக்குவா?" அந்த வாரம் ஆபீசில் தலைக்கு மேல் வேலை, பெரியவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. "என்னை இதுல இழுக்காத மங்கை. என்னால முடியாது. யாரு கிட்டயாவது குடுத்துடு" என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய். அடுப்பில் பால் பொங்கியது, நான் எழுந்து போய்விட்டேன்.

அதைத்தான் செய்தாயா? நான் சொன்னதைத்தான் செய்தாயா? எரிச்சலில் சொன்ன ஒரு பேச்சைப் பத்திரத்தில் ஏற்றலாமா? சரி, பராமரிக்க ஆள் இல்லை என்று எழுது. அது நான் வாய்விட்டுச் சொன்னது. 'நான் ஒருத்தியே' என்று எப்படி எழுதினாய்? கடைசிப் பஸ்ஸைக் கணக்குப் போடுகிற அந்தப் பகுதியை நான் மூன்று தடவை சொல்ல, நீ மூன்று தடவை அழித்து எழுதினாயே. அது யாருடையது?

புது மென்பொருள் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாசியில் பஸ் நேரங்கள் மாறின. பழையதில் என்றால், பஸ் நேரங்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு இருக்கும். கலா அக்காவே திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு விரலால் தட்டி மாற்றிவிடுவார். நீதான் சொல்லிக்கொடுத்தாய். புதியதில் அந்தக் கோப்பு கண்ணில் படாது. கம்பெனிக்குப் புகார் அனுப்ப வேண்டும். அனுப்பினார். ஒரு நம்பர் வந்தது. மறுபடி அனுப்பினார். இன்னொரு நம்பர் வந்தது. அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது.

அதற்குள் மண்டகப்பட்டு ஏழுமலை விழுந்துவிட்டார். கூலி வேலை பார்த்த மனுஷன், அறுபதைத் தாண்டியவர். மென்பொருள் பழைய நேரத்தை நம்பி அவருக்குப் பின்மதியம் படுக்கை கொடுத்தது. முடித்து வந்தால் பஸ் போய்விட்டது. கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டோடு, வேறு வண்டி வருமா என்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம். மயங்கி விழுந்ததில் நெற்றியில் தையல். நானும் கலா அக்காவும் பார்க்கப் போனோம்.

"கம்ப்யூட்டரு போட்ட டைமுன்னாங்க" என்றார் ஏழுமலை. "அது எந்த ஊரு பஸ்ஸுல போவுதுன்னு கேட்டுச் சொல்லும்மா, நானும் அதுலயே ஏறிக்கறேன்."

கலா அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டார்: "பழசு இருக்குதா உன் கிட்ட?"

இருந்தது. நம் லேப்டாப் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. திறந்த உரிமத்தோடு நாம் கடைசியாக வெளியிட்ட பதிப்பு, அந்த உரிமத்தின் வாசகத்தோடு, அப்படியே இருந்தது. அதை மறுபடி இணையத்தில் ஏற்றினேன். இந்தத் தடவை என் பெயரில் கணக்குத் தொடங்கி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாலாம் நாள் கம்பெனிக்காரர் போன் செய்தார். "உங்க நாத்தனாரே எழுதிக் குடுத்துட்டாங்களே மேடம்."

"அவ உங்களுக்குக் குடுத்தது உங்களோடயே இருக்கட்டும் சார். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தா. அதைத் திரும்ப வாங்க அவளாலயும் முடியாது, உங்களாலயும் முடியாது. உரிமத்தைப் படிச்சுப் பாருங்க."

படித்திருப்பார் போல. அப்புறம் அழைக்கவில்லை. ஆஸ்பத்திரி புதியதை விடவில்லை, மற்ற வேலைக்கு அதுவே இருக்கிறது. படுக்கை ஒதுக்குவது மட்டும் மறுபடி 'முறை'யில் நடக்கிறது. கலா அக்கா அன்றே பஸ் நேரங்களைத் திருத்திவிட்டார். ஏழுமலைக்கு இப்போது காலைப் படுக்கை.

எழுதியவர்கள் பெயரைப் போடுகிற கோப்பு ஒன்று அதில் உண்டு. உன் பெயர் மட்டும் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நினைத்தேன். என்னை நீ எடுத்தாயே, நான் எடுத்தால் என்ன? கர்சரை உன் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்க எழுந்து போனேன். திரும்பி வந்து எடுக்காமல் கீழே என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே கலா அக்காவின் பெயர். "எனக்கு எதுக்கும்மா, நான் பஸ் டைம் மட்டும்தானே மாத்தறேன்" என்றார். அதுதான் பராமரிப்பு என்றேன்.

வேறு யாரும் இல்லை என்று எழுதினாய் அல்லவா? இருந்தோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை, மங்கை. பொய் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பெயர் மேலேயே இருக்கும். அதை நானும் எடுக்கமாட்டேன், யாரையும் எடுக்க விடவும் மாட்டேன். பஸ் நேரம் மாறுகிற அன்றைக்கே நம் கோப்பும் மாறும்.

கம்பெனியிடம் இருக்கிற முனியம்மாவுக்கு என்றைக்கும் நூற்றிரண்டுதான். நம்முடையவளுக்கு இரண்டு பொங்கல் தள்ளிப்போயிருந்தது. நேற்று இரண்டையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். அவளுக்கு இப்போது நூற்று நான்கு.

உன் மேல் இன்னும் கோபம் ஆறாத,
உன் அண்ணி
செஞ்சி