நிறம் மட்டும் நன்றாக இருக்கிறது

சட்டப்படி இன்னும் என் மனைவியாக இருப்பவளுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. பாதித் திராட்சை கொடியில் இருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. அதை நான் மறக்கவில்லை.

நேற்று போர்தோ நகரிலிருந்து ஒயின் வியாபாரி லெஸ்கூர் வந்தார். நீயில்லாமல் நான் கலந்த ஒயினை ருசி பார்த்துவிட்டு, "நிறம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

கார் போனதும் நிலவறைக் கிழவன் ஆன்செல்ம் சிரித்தான். "விருந்துக்கு வந்தவன் மேசைவிரிப்பைப் பாராட்டிட்டுப் போறான், முதலாளி! முதலாளியம்மா இருந்தா இப்படிச் சொல்லியிருப்பானா?"

"உன் வேலையப் பாரு" என்றேன்.

இருபது வருடம் பீப்பாய் பீப்பாயாக நீதான் ருசித்துக் கலந்தாய். லேபிளில் என் கையெழுத்து இருந்தது. பத்திரிகைகள் என் நாக்கைப் புகழ்ந்தன. நான் மறுக்கவில்லை. நீயும் கிளம்பிய நாள்வரை சொல்லிக்காட்டவில்லை.

இத்துடன் ஆறு பீப்பாய்களின் மாதிரி அனுப்பியிருக்கிறேன். எதில் எவ்வளவு சேர்ப்பது என்று மட்டும் எழுது. இந்த வருட ஒயின் தவறினால் தோட்டத்தின் பெயர் மிஞ்சாது. திரும்பி வா என்று கேட்கவில்லை. கேட்கத் தெம்புமில்லை.

லேபிள் அச்சுக்குப் போகிறது. கையெழுத்து இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். ஒரு தாளில் உன் கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

களைத்துப்போன,
உன் வீட்டுக்காரன்