சுடாத சட்டியில் ஊற்றிய கஞ்சி

புதுக்கோட்டை
12-2-1957

அன்புள்ள உம்மாவுக்கு மகன் ஷேக் பரீது சலாம் சொல்லி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? வாப்பா கடலுக்குப் போகிறார்களா?

பயிற்சிப் பள்ளியில் மண்பாண்டப் பரீட்சை பாஸாகிவிட்டேன். அதனால்தான் இப்போது சொல்கிறேன். நான் வனைந்த சட்டி காய்ந்ததும், நீங்கள் புதுச் சட்டியைப் பழக்குவது போலவே ராத்திரி கஞ்சித் தண்ணீரை ஊற்றி வைத்தேன். சூளையில் சுடுவதற்கு முன்பே! காலையில் பலகையில் வெறும் சேறுதான் கிடந்தது.

"சுடாத சட்டியவா பழக்குனே?" என்று குழந்தைசாமி வாத்தியார் சிரித்தே விட்டார். "சரி, சூளை வைக்க இன்னும் நாளிருக்கு. அந்த மண்ணையே பிசைஞ்சு வேறொண்ணு செய்யி."

அப்படிச் செய்த இரண்டாவது சட்டி சூளையில் வெடித்துவிடுமோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. நேற்று சூளையைப் பிரித்தோம். சட்டி முழுசாக இருந்தது. தட்டினேன், கணீரென்றது.

கருவாடு அனுப்ப வேண்டாம், ஹாஸ்டலில் வாடைக்குச் சண்டை வருகிறது. எலுமிச்சை ஊறுகாய் போதும்.

மணி அடிக்கிறது. சட்டியை ஜைனுதீன் மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சி ஊற்றிப் பழக்கி வையுங்கள், இனிக் கரையாது. மீன் குழம்பு மட்டும் நான் லீவுக்கு வரும்வரை அதில் வைக்காதீர்கள், உம்மா.