குடிக்காதவன் பெயரில் ஒரு பீர்

என் மேஜை மேல் ஒரு வட்ட அட்டை கிடக்கிறது. மேஜை நனையாமல் இருக்க பீர் கிளாசுக்கு அடியில் வைக்கிற அட்டை. அதில் ஒரு ஆள் பெரிய தொட்டிக்குள் சுருண்டு படுத்துத் தூங்குகிறான். தலையில் வெல்டிங் முகமூடி, கையில் கிளாஸ், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. அது நீதான். பெங்களூரில் உன்னைப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பத்து நாளாக இதைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, கண்ணெதிரே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வயிறு எரிகிறது. யார் யார் மேல் எரிகிறது என்று வரிசையாகச் சொல்கிறேன், கேள். அந்த வரிசையில் நானும் இருக்கிறேன்.

என் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நீ போனபோது பிளஸ் டூ முடித்திருந்தான். நான் ரிட்டயர் ஆனதற்குப் பரிசு என்று என்னைத் தாம்பரத்திலிருந்து அங்கே வரவழைத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் 'பீர் வாக்' என்ற ஒன்றுக்குக் கூட்டிப்போனான். காசு கட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். வழிகாட்டி ஒருவன் பத்துப் பேரைத் தெருத் தெருவாக நடத்திக்கொண்டு போவான். மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் அங்கேயே காய்ச்சிய பீரைச் சின்ன கிளாசில் ஊற்றிக் கொடுத்து, அதன் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்வான். நம்ம இரும்புலியூரில் ஒருவன் பாட்டிலை லுங்கியில் சுற்றிக்கொண்டு வந்தால் தெருவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அங்கே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு படிக்கிறார்கள்.

வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கும். தொப்பி, தாடி, ஓயாத இங்கிலீஷ். முதல் இடத்தில் கிளாசைக் கையில் கொடுத்துவிட்டு, குடிக்காதீர்கள், முதலில் முகருங்கள் என்றான். ஒரு பெண் காபி வாசனை வருகிறது என்றாள். இன்னொருவன் கருகின ரொட்டி என்றான், அதையும் சந்தோஷமாகச் சொன்னான். எனக்குப் புளித்த தோசை மாவு வாசனைதான் வந்தது. சொன்னேன். "எக்ஸலண்ட், அங்கிள்" என்று கைதட்டினான். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்தே கிளாசைக் கீழே போட்டிருப்பாய்.

ஆனால் நீ கிளாசை வாங்கியே இருக்க மாட்டாய். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரே ஷெட்டில் இருபது வருஷம் வேலை செய்தோம். நீ வெல்டர், நான் சூப்பர்வைசர். ஆரம்பத்தில் பால் தொட்டி, பிறகு பீர் தொட்டி. ஆயுத பூஜைக்கு முதலாளி ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தால் உன்னுடையதும் என் பைக்குள்தான் வரும். இத்தனை தொட்டி செய்கிறாயே, ஒரு வாய் குடித்துப் பார்க்க ஆசையில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"பால் ஊத்துனா இன்னா, பீர் ஊத்துனா இன்னா மச்சான். வெல்டிங் ஒண்ணுதான்" என்றாய். அதோடு விடாமல், "கர்த்தருக்குப் பண்ண சத்தியம்னா கூட அழுது கிழுது தீத்துக்கலாம். நான் ஸ்டெல்லாவுக்குப் பண்ணிட்டேன்" என்றும் சொன்னாய். ஸ்டெல்லாவின் அப்பா குடித்தே அழிந்தவர். அவள் உன்னிடம் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

இரண்டாவது இடத்துக்குப் போனோம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தொட்டி பளபளவென்று நின்றன. ஓரத்துத் தொட்டியின் தகட்டைப் பார்த்தேன். நம் ஷெட்டின் பெயர், அதற்குக் கீழே தொட்டி எண். அந்த எண்களைச் சுத்தியலால் தட்டிப் பதித்தவன் நான். ஏழு கொஞ்சம் சாய்ந்திருந்தது. எந்தத் தொட்டி என்று தெரிந்துவிட்டது, நீ கடைசியாகச் செய்தது. ஆனாலும், ஆச்சரியத்தைக் கேள், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பையனைக் கூப்பிட்டு உன் வெல்டிங் தையலைக் காட்டினேன். ஊசி போட்டுத் தைத்த மாதிரி இருக்கிறது பார், இதைப் போட்டவன் உன் மாமாடா என்றேன்.

அவனுக்கு உன் வேலையை விளக்கினேன். தொட்டியின் உள்பக்கம் ஒரு கீறல் விழுந்தாலும் அதில் கிருமி தங்கும், காய்ச்சியதெல்லாம் கெட்டுப்போகும். அதனால் நீ உள்ளே இறங்கும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு, இரண்டு பாதத்திலும் பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வாய். மற்றவர்கள் சாக்ஸோடு இறங்குவார்கள். உனக்கு அது போதாது. ஸ்டெல்லா தன் பழைய புடவையைக் கிழித்து மாசாமாசம் துணி கொடுத்தனுப்புவாள்.

அப்போதுதான் வழிகாட்டி எல்லோரையும் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினான். இந்தத் தொட்டிக்கு ஒரு கதை உண்டு என்றான். மெட்ராஸில் இதைச் செய்த வெல்டர் பெரிய குடிகாரன். வேலை முடிந்த சந்தோஷத்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். எழுந்திருக்கவே இல்லை. அவன் ஆவி இன்னும் உள்ளே இருப்பதால்தான் இந்தக் கறுப்பு பீருக்கு இவ்வளவு ருசி. பெயர், 'ஸ்லீப்பிங் வெல்டர்'. சொல்லிவிட்டு ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். கதையைக் காதில் வாங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்த பீரில் ஒரு வாய் அதற்குள் என் வயிற்றுக்குள் போயிருந்தது.

அந்தக் கதையை அவனுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கத் தேவையில்லை. தொட்டியை விற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். அதற்கும் முன்னால் அதை எழுதிய காகிதத்தில் சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

அன்றைக்கு நடந்தது உனக்குப் பாதி வரைக்கும்தான் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

வெல்டிங் உள்பக்கம் கறுக்காமல் இருக்க ஆர்கான் வாயுவை விட்டிருந்தோம். அது காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும், இறங்கினவனுக்கு மூச்சுக்குக் காற்று இருக்காது. "அதுக்கு வாசனையும் கெடையாது, மனசாட்சியும் கெடையாது மச்சான்" என்று நீயே சொல்வாய். புளோயர் வைத்து ஊதித் தள்ளிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். புளோயர் மோட்டார் எரிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான் முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து, "லாரி வந்து நிக்குது. உள்ள ஒரு எடத்துல பாலிஷ்தானே, அஞ்சு நிமிஷ வேலை, எறங்கச் சொல்லுங்க" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

தொட்டி வாயில் உன் செருப்பு கிடந்தது. செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே வேலை செய்கிறான் என்று அர்த்தம். அதனால் அரை மணி நேரம் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனோம்.

உன்னை வெளியே எடுத்துக் கிடத்தினோம். போலீஸ் வருவதற்குள் முதலாளி என்னைத் தனியே இழுத்துப் போனார். "கால்ல கட்டியிருக்கறத எடுத்துடுங்க. அவன் வேலைக்கு எறங்கல. குடிச்சிட்டு உள்ள போய்ப் படுத்துட்டான். புரியுதா? இல்லன்னா நீங்களும் நானும் ஜெயிலுக்குப் போவோம். உங்க பையனுக்குக் காலேஜ் சீட் கெடச்சிருக்கு இல்ல?"

குடித்துவிட்டுத் தூங்கப் போகிறவன் தரை கீறிவிடுமே என்று காலில் துணி கட்டிக்கொண்டா போவான்? அந்தத் துணி இருந்தால் பொய் நிற்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உன் காலடியில் உட்கார்ந்து அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். எண்ணெய்க் கழிவு போடும் டிரம்மில் போட்டேன். பிறகு போலீசுக்கு எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை முதலாளி காசு கொடுத்துச் சரிக்கட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். நீ குடித்திருந்தாய் என்று அதற்குள் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் அதை நம்பவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணா, அவரு கால்ல துணி கட்டியிருந்தாரா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் அழுதுகொண்டிருந்தது அப்படியே நின்றுபோனது. அடக்கத்தின்போதும் அழவில்லை. சத்தியத்தை மீறியவனுக்கு எதற்கு அழுவது என்று நினைத்திருப்பாள். அதற்கப்புறம் நான் உங்கள் தெருப் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தாலும் ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

பெங்களூர்க் கடைக்கு வருகிறேன். எல்லோரும் அட்டையை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அவன் குடிக்கவே மாட்டான்" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. வழிகாட்டி புரியாமல் சிரித்தான். பையன் என் கையைப் பிடித்து, "அப்பா, இன்னாப்பா, விடுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டும். இவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லுடா. இந்தத் தொட்டிய செஞ்சவன் ஒரு சொட்டு தொட்டதில்ல. வேலை செஞ்சிகினே செத்தான். கால்ல துணி கட்டியிருந்தான். அத அவுத்தவன் நான்தான். சொல்லு."

பையன் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். முதலில் காபி வாசனை என்று சொன்ன பெண் கிளாசைக் கீழே வைத்தாள். இரண்டு பேர் மீதியைக் குடித்து முடித்தார்கள், காசு கொடுத்ததாயிற்றே. வழிகாட்டி தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "சாரி அங்கிள், இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டோரி" என்றான். கடை மேனேஜர் ஓடி வந்து பீர் பெயரை மாற்றுவது பற்றி மேலிடத்தில் பேசுகிறேன் என்று சொல்லி, என் கோபத்தைத் தணிக்க ஒரு பீர் இலவசம் என்றார். சொல்லும்போது அவருக்கே என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை பார். பத்து நிமிஷத்தில் மூன்றாவது இடத்துக்கு நேரமாகிறது என்று வழிகாட்டி அவர்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு மனுஷன் செத்த கதைக்கு அவர்களுடைய நடையில் பத்து நிமிஷம் இடம் கிடைத்தது.

ஆட்டோவில் பையன் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "என் காலேஜுக்காகவாப்பா கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டான்.

"இத்தன வருஷம் அப்படித்தான் சொல்லிகினு இருந்தேன். எனக்காகத்தான்டா போட்டேன். பயம்" என்றேன்.

அந்த வழிகாட்டியையும் சிரித்தவர்களையும் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் காதில் விழுந்த பொய்யைச் சொன்னான். அவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். தெரிந்தே சொன்னவன் நான் ஒருவன்தான். முதலாளி இன்னும் நன்றாக இருக்கிறார், படப்பை பக்கம் இரண்டாவது ஷெட் போட்டுவிட்டார். அவரை நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் ஸ்டெல்லா அவரிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

ஊர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிகிற நேரம் பார்த்து உன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறாள், தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. உன் பெண் நர்ஸாக இருக்கிறாள், அன்று டியூட்டிக்குப் போயிருந்தாள். ஹாலில் உன் போட்டோ இல்லை. "வாங்கண்ணா, வழி தெரிஞ்சிதா?" என்றாள் ஸ்டெல்லா. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பல்லால் கடித்ததையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "அந்தத் துணி இன்னா கலரு?" என்றாள்.

"ஊதா. வெள்ளைப் புள்ளி."

தலையாட்டினாள். "பொண்ணு பாக்க வரவங்கல்லாம் மொதல்ல, அப்பா குடிச்சிதானே செத்தாருன்னு கேக்கறாங்க. அவளும் ஆமான்னு சொல்றா. நான்தான் அப்படிச் சொல்லி வளத்தேன்" என்றாள். பிறகு, "நடந்தத எழுதிக் குடுப்பீங்களா? எவன் கேட்டாலும் வந்து சொல்லுவீங்களா?"

"போலீஸ் கேட்டாலும் சொல்றேன்."

பெண்ணின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு தடவை படித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை, அவள் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளாது. அது தீராமல் என்னோடு இருக்கட்டும் மச்சான். இருக்கிற காலம் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

ஸ்டெல்லா எழுந்து பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து உன் போட்டோவை எடுத்து, முந்தானையால் துடைத்து, மேஜை மேல் சுவரில் சாய்த்து வைத்தாள். அதற்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க கெளம்புங்கண்ணா" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "நான் அவருகூடப் பேசணும். பதினோரு வருஷமாச்சு."