மூன்றாம் ஓலை

மே 3, 1986. சனி.

மண்டையைப் பிளக்கும் வெயில். இன்ஸ்டிடியூட்டில் காலை பேட்சுக்குப் பாதிப் பேர் வரவில்லை. ஜன்னலோர மெஷினில் இரண்டு எழுத்து ஒட்டிக்கொள்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். வாங்க வேண்டியவை: ரிப்பன், கார்பன் பேப்பர், மூட்டைப்பூச்சி மருந்து.

சாயந்தரம் நாகல் நகர், கனகம் அக்கா வீட்டில் சனிக்கிழமை ஜெபம். வெளியே யாராவது கேட்டால் வேதபாட வகுப்பு. உண்மையில் என்ன என்று ஒரு தடவையாவது மையில் எழுதிப் பார்க்க ஆசை: ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், கர்த்தரையும் விட முடியாதவர்கள். கனகம் அக்கா டீச்சர், மெர்சி நர்ஸ். இருவரும் சேர்ந்து வாழும் வீடு. செல்வின் வேடசந்தூர் மில்லில் இருந்து ஷிப்ட் முடிந்து பஞ்சோடு வருவான். அப்புறம் நான். அப்புறம் ஜெயசீலன். அதாவது, முன்பு.

நானும் ஜெ.யும் சேர்ந்து தொடங்கிய ஜெபம் இது. மனசால் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தோம், மனசால் மட்டுமில்லை. பங்குனியில் கன்வென்ஷன் கூட்டத்தில் மேடை ஏறி, கர்த்தர் தன்னைக் காத்ததாகச் சாட்சி சொன்னான். நாகல் நகரில் ஒரு ஜெப வீட்டுக்குத் தெரியாமல் போய்விட்டானாம். அங்கே இரண்டு பெண்கள் வாழும் அருவருப்பைக் கண்டு ஓடி வந்தானாம். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லை, ஊருக்கே விளங்கியது. எங்கள் சபைப் பாதிரி ஐயர், அக்காவையும் மெர்சியையும் திருவிருந்தில் அப்பம் வாங்க வர வேண்டாம் என்றுவிட்டார். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சாட்சி சொன்னவனுக்குப் பெண் அமைந்துவிட்டது.

என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. பாசத்தால் இல்லை. என்னைச் சொன்னால் தன்னையும் சொல்ல வேண்டுமே.

இன்றைய ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். நல்லதுக்கு இல்லை.

மே 4. ஞாயிறு.

கோயிலில் அவனுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மணமகள் எஸ்தர், சாணார்பட்டிப் பக்கம் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் மகள். இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்த யாரும் எழுந்து சொல்லலாம் என்றார் ஐயர். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்பது வழக்கம். எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், ஒருவரும் எழுந்ததில்லை. அந்த நேரத்தில் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள்.

எனக்குத் தடை தெரியும். தடையே நான்தான்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. படுத்துக்கொண்டே யோசித்ததில், ஜெ.க்கு வர வேண்டியவை: பல்வலி. மூலம். கூடவே வந்து தங்கும் மாமனார்.

மே 7. புதன்.

கொயர் பயிற்சி. திட்டினேன். கொயர் மாஸ்டர் நான் எழுந்து ஒரு மூச்சு கழித்துக் கொயர் எழுகிறது. கொயரைப் பார்த்து, ஆற அமரச் சபை எழுகிறது. பாட்டு தொடங்கும்போது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம், நான் எழுந்த கையோடு எழுந்துவிட வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து பழக்கினேன். ஆல்டோ சரோஜாவுக்கு முட்டி வலியாம்.

மே 10. சனி.

ஜெபத்தில் சொல்லிவிட்டேன்: மூன்றாம் ஓலையில் எழுந்து நிற்கப் போகிறேன். என்ன தடை, எப்படித் தெரியும், எல்லாம் சபை நடுவில்.

செல்வினுக்கு ஒரே குஷி. கனகம் அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லிப்புட்டு எந்த ஊருக்குத் தம்பி போவீங்க? எந்தத் தகப்பன் உங்ககிட்ட டைப்படிக்கப் புள்ளய அனுப்புவான்?"

ஒருவரும் அனுப்ப மாட்டார்கள், தெரியும். கடையை மூடுகிறேன் என்றேன். அந்தப் பெண் எஸ்தருக்காகவும்தான் என்று சேர்த்தேன், பாவம் அவளுக்கு என்ன தெரியும் என்று.

மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் புள்ளய இதுல இழுக்காதீங்கண்ணே. உங்களுக்கு அவரு அழுகணும். அம்புட்டுத்தான்."

ஆமாம். அம்புட்டுத்தான்.

மே 11. ஞாயிறு.

இரண்டாம் ஓலை. ஜெ. புது டெரிகாட்டன் சட்டை, மீசையை ஒதுக்கியிருக்கிறான். அழகாகத்தான் இருக்கிறான், நாசமாய்ப் போக.

மே 14. புதன்.

வீடு தேடி அக்காவோடு அலைச்சல். ஆட்டோவில் பாதி, நடந்து பாதி. ஒரு வீட்டில் "உங்க புருஷன் எங்க வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் வாசலில் நிற்க வைத்தே, "நீங்கதான அந்த ரெண்டு பொம்பளைங்கள்ல ஒருத்தரு?" நாகல் நகரில் கிணற்று ராட்டினத்தில் இருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாராம் வீட்டுக்காரர். மெர்சி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து தெருக் குழாயில் குடம் பிடிக்கிறாள்.

நான் சொல்லப்போகும் வாக்கியத்தை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். குட்டையாகப் போதும். நீளமாகப் பேசினால் அழுதுவிடுவேன்.

மே 18. ஞாயிறு.

இதை எப்படி எழுதுவது?

ஐயர் மூன்றாம் ஓலை வாசித்தார். தடை உண்டா என்றார். நான் எழுந்தேன்.

என்னோடு கொயர் எழுந்தது. விறைப்பாக, ஒரே மூச்சில். கொயரோடு சபை முழுக்க எழுந்தது. ஆல்டோ சரோஜாகூட. பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். பழக்கியது நான். ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். ஆர்கன் வாசிக்கும் பெண் பயந்துபோய் ஏதோ ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டாள். பாடத் தொடங்கிவிட்டார்கள். கடைசிப் பெஞ்சில் அக்காவும் மெர்சியும் மட்டும் எழவில்லை.

நானும் பாடினேன். வேறு என்ன செய்ய?

ஆனால் ஒன்று. ஜெ. பாடவில்லை. முகம் வெளுத்து என்னையே பார்த்தான். சபையில் மற்ற எல்லாருக்கும் நான் பாட்டுக்கு எழுந்தவன். அவன் ஒருவனுக்குத் தெரியும். மனசு குளிர்ந்து போயிற்று. வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மே 19. திங்கள்.

மத்தியானம் இன்ஸ்டிடியூட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஜெ. வந்தான். உட்காரச் சொல்லவில்லை.

நேற்று எதற்கு எழுந்தேன் என்று தனக்குத் தெரியும் என்றான். மூன்று ஓலையும் முடிந்தது, இனி விட்டுவிடு என்றான்.

"இன்னும் முடியல. கல்யாணத்தன்னைக்கு மோதிரத்துக்கு முன்னாடி இன்னொரு வாட்டி கேப்பாரு ஐயரு" என்றேன்.

மெஷின் மேசையைப் பிடித்துக்கொண்டான். "என்னடா வேணும் ஒனக்கு?"

அவன் டா போட்டுக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று. அந்த ஒரு எழுத்தில் எல்லாம் கெட்டுவிடப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நாகல் நகர் வீட்டுக்காரரிடம் போய், சாட்சியில் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். ஐயரிடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எழுவேன் என்றேன்.

போய்விட்டான். படிக்கட்டில் தடுமாறிச் செருப்பு ஒன்று கழன்றது, மாட்டிக்கொண்டு போனான்.

மே 21. புதன்.

மெர்சி ஆள் அனுப்பினாள். ஓடினேன். கொயர் பயிற்சியை, கொயரில் மூத்தவன் தாமஸிடம் விட்டுவிட்டேன்.

கிணற்றில் கயிறு கட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் வந்து, ஜெயசீலன் தம்பி ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாராம், நீங்க இருங்க டீச்சர் என்றாராம். ஐயரிடம்? போகவில்லை. திருவிருந்து அப்படியே. பாதி வேலைதான் செய்திருக்கிறான், எப்போதும் போல.

மெர்சி, கட்டி வைத்த மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "மெரட்டி வாங்குன வீட்ல எப்படிண்ணே ஜெபம் பண்றது?"

பண்ணலாம் என்றேன். அக்கா சிரித்துவிட்டார். கத்திரிக்காய் வெஞ்சனம், ரசம். நன்றாக இருந்தது.

பாதிக்குப் பாதி தண்டனை உண்டு ஜெ.க்கு. நாளை கல்யாணத்தில் எழுவேன். பேச மாட்டேன். நான் எழ, கொயர் எழ, சபை எழ, எல்லாரும் பாட்டு என்று நினைக்க, மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் ஒருவன் மட்டும் நடுங்க வேண்டும்.

மே 22. வியாழன்.

கல்யாணம் முடிந்தது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கோயில் நிரம்பிய கூட்டம், மல்லிகை வாசனை, ஃபேன் சத்தம். எஸ்தரை முதல் தடவை கிட்டத்தில் பார்த்தேன். கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண். ஐயர் தடை உண்டா என்று கேட்டார். ஜெ.யின் பிடரி விறைத்ததைப் பார்த்துவிட்டு, எழுந்தேன்.

யாரும் எழவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கொயர் உட்கார்ந்திருக்கிறது. தாமஸ் தரையைப் பார்க்கிறான். பிறகுதான் சொன்னான்: நேற்றுப் பயிற்சிக்கு ஐயரே வந்து, தான் பாட்டு எண் சொல்லாமல் ஒருத்தரும் எழக்கூடாது, கொயர் மாஸ்டர் எழுந்தாலும் சரி என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஞாயிற்றுக்கிழமைக் கூத்தால் வந்தது.

அத்தனை பேர் நடுவில் நான் ஒருவன் நிற்கிறேன். ஜெ. திரும்பவில்லை. எஸ்தர் திரும்பினாள். அவள் அப்பா பாதி எழுந்துவிட்டார், பெஞ்சைப் பிடித்தபடி.

"என்ன தேவராஜ்? சொல்லுங்க" என்றார் ஐயர்.

வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. அக்கா வீட்டுக் கிணற்றுக் கயிறு ஞாபகம் வந்தது. பெஞ்சைப் பிடித்து நின்ற அந்த வாத்தியாரைப் பார்த்தேன். ஜெ.யின் பிடரியைப் பார்த்தேன், நான் எத்தனையோ தடவை முகம் வைத்த பிடரி.

"தடை ஒண்ணும் இல்லைங்கய்யா" என்றேன்.

யாரும் இப்படி எழுந்து சொல்லும் வழக்கம் இல்லை. சபையில் ஒரு முனகல். ஐயர் தலையாட்டிவிட்டு மேலே வாசித்தார். நான் உட்கார்ந்தேன். அவன் மோதிரம் போட்டான்.

அவனை மன்னிக்கவில்லை. இனியும் மாட்டேன்.

விருந்தில் எஸ்தர் என் வரிசைக்கு வந்தாள், ஜெ.யைக் கையோடு இழுத்துக்கொண்டு. "இவருக்கு சபையில யாரும் ஆதரவு இல்லையோன்னு அப்பா பயந்துக்கிட்டே இருந்தாருண்ணே. நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காக எந்திரிச்சு நின்னீங்க" என்றாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கச் சொன்னாள். ஜெ. இலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாப்பிட்டேன்.