உன் சுவரில் இருந்த ரோமாபுரிக்காரி

உன் மகன் நேற்று மிசிசாகாவிலிருந்து காரில் வந்து, அந்தப் படத்தை அஜின்கோர்ட்டில் என் குசினி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். கண்ணாடியெல்லாம் மெழுகுதிரிப் புகை படிந்து பிசுபிசுக்கிறது. “அம்மா இதை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவா, அன்ரி” என்றான். செத்த பிறகும் என்னை நிம்மதியாக இருக்க விடுகிற எண்ணம் உனக்கு இல்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த நாளில், பழைய சாமான் கடையில் இதை வாங்கி வந்தாய். ஏதோ பழைய இத்தாலிய ஓவியத்தின் அச்சுப்படம். வெளுத்த ஒரு பெண், நெஞ்சுக்கு நேரே கத்தி, கண்கள் மேலே. நெஞ்சில் வாள் பாய்ந்த வியாகுல மாதா என்று நினைத்து மாட்டி, முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னாய். நான் சைவக்காரி, எனக்கென்ன தெரியும்? பூ வேறு வைத்தேன்.

பிறகு நூலகத்துப் புத்தகமொன்றில் அதே படத்தைக் கண்டேன். மாதாவே இல்லை. லுக்ரேசியா என்ற ரோமாபுரிப் பெண். அரசன் மகன் பலவந்தமாகக் கெடுத்ததை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு, தன்னைத் தானே குத்திக்கொண்டவள். மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

“ஓம், தெரியும். பின்பக்கத்தில எழுதிக் கிடக்கு.”

“தெரிஞ்சுகொண்டே கும்பிடுறாய்? தற்கொலை செய்தவளடி அவள்!”

“கிடக்கட்டும்.”

அவ்வளவுதான். முப்பது வருஷமாக உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், “உதைக் கழட்டு, நல்ல மாதா படமொண்டு வாங்கித் தாறன்” என்று நச்சரித்தேன். நீ தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாய். உன்னைப்போல ஓர் அழுத்தக்காரியை நான் கண்டதில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறாய், பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. சண்டைக் காலத்தில் துவக்கோடு சிலர் உங்கள் வீட்டுக்குள் புகுந்து போன மூன்றாம் நாள், உன் அக்கா தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தற்கொலை என்று சுவாமியார் பூசை வைக்க மறுத்துவிட்டார். சேமக்காலை மதிலுக்கு வெளியேதான் புதைத்தார்கள். ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. “அவவுக்குச் செபிக்க எனக்கொரு முகம் வேணுமெல்லே” என்றாய்.

அடி பாவி, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் வாயைப் பொத்தியிருக்க மாட்டேனா? இத்தனை வருஷமும் உன் அக்காவின் முகத்துக்கு நேரே என்னைக் கத்த விட்டாயே! உன்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் எனக்கு வருகிற வெட்கம் பெரிது.

இன்று காலை உன் தேவாலயத்துக் கந்தோருக்குப் போய், அவளுக்கொரு பூசை வைக்க வேண்டுமென்றேன். அங்கிருந்த பெண்பிள்ளை பெயர் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா, அக்கா என்றே முழுக்கதையையும் சொல்லி முடித்திருக்கிறாய். உன் மகனுக்குப் போன் எடுத்தால், தனக்கொரு பெரியம்மா இருந்ததே தெரியாது என்கிறான். உன்னை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய?

“அக்கா எண்டே எழுதுங்கோ, பிள்ளை.”

“உங்கட அக்காவோ, அன்ரி?”

“ஓம்” என்றேன்.